வாசிப்பு மாதமும் வாசகரும்: சில அவதானங்கள்

இலங்கையில் 2004ஆம் ஆண்டிலிருந்து ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதமாக அனுஷ்டிக்கப்பட்டு வருகின்றது. மாநகர சபைகள் தொடக்கம் பிரதேச சபைகள் வரை தத்தம் நூலகங்களில் நிகழ்ச்சிகளை நடாத்துகின்றன. நல்ல காரியம்தான். அதைப் பழிப்பது என் நோக்கமல்ல. ஆனால் இரண்டு தசாப்தங்களைக் கடந்துவிட்ட ஒரு முயற்சியை வாழ்த்திக்கொண்டே இருப்பது அதற்குச் செய்யும் உதவியாகாது. ஒரு கவிதைத் தொகுதி வெளிவந்தால் அதன் படிமம் சரியா, மொழி சரியா என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அந்தத் தொகுதி போய்ச் சேர வேண்டிய நூலகம் எப்படி இயங்குகிறது என்பது நமக்கு விமர்சனப் பொருளாகவே படுவதில்லை. இந்தக் குறிப்புகள் அந்தத் திசையில் ஒரு சிறு முயற்சி.

வாசிப்பு மாதத்தின் அழைப்பிதழையும் அது முடிந்தபின் எழுதப்படும் அறிக்கையையும் ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தேன். இவை எந்த ஊரிலிருந்து வந்தாலும் ஒரே வார்ப்பு. அழைப்பிதழில் பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என்று பெயர்கள் நிரல்படுகின்றன. அறிக்கையில் வினைகள் எல்லாம் செயப்பாட்டில் வருகின்றன: போட்டிகள் நடாத்தப்பட்டன, சான்றிதழ்கள் வழங்கப்பட்டன, நூல்கள் கையளிக்கப்பட்டன. பெயர் உள்ளவர்கள் மேடையில் இருக்கிறார்கள். எவருக்காக இது நடந்ததோ அந்த வாசகர் ‘மாணவர்கள்’ என்றோ ‘பொதுமக்கள்’ என்றோ ஒரு பன்மைக்குள் கரைந்துபோகிறார். அவர் எந்த நூலை எடுத்தார், முடித்தாரா, அடுத்ததைத் தேடி வந்தாரா என்று சொல்லும் ஒரு வாக்கியம்கூட அந்தப் பிரதியில் இல்லை. வாசிப்பைப் பற்றிய பிரதியில் வாசகர் இல்லாதிருப்பது எழுத்துக் குறைபாடு மாத்திரமல்ல. திட்டம் எப்படி வகுக்கப்பட்டதோ அப்படியே அறிக்கையும் எழுதப்படுகிறது.

கட்டுரைப் போட்டியையே பாருங்கள். வாசிப்பின் பயன் என்பதுதான் வழக்கமான தலைப்பு. ரியூசன் குறிப்பில் அதற்கு ஆயத்தமான கட்டுரை உண்டு. பேக்கனுடையதென்று சொல்லப்படும் அந்த ஒற்றை வாக்கியத்தை முதற் பந்தியில் வைத்து, இடையில் நாலு பழமொழிகளைச் சேர்த்தால் பரிசு நிச்சயம். அதாவது, ஒரு பிள்ளை ஒரு நூலைத்தானும் திறக்காமல் வாசிப்பு மாதத்தின் முதற் பரிசைப் பெற்றுவிடலாம். பரிசாகக் கிடைக்கும் நூலும் பெரும்பாலும் பரீட்சை வழிகாட்டியாகவே இருக்கிறது. இதில் பிள்ளையின் தவறு எதுவுமில்லை. ஒன்றைக் கேட்டுவிட்டு இன்னொன்றுக்குப் புள்ளி கொடுக்கும் ஏற்பாட்டின் தவறு இது.

இந்த ஏற்பாட்டை உரசிப் பார்க்க எனக்கு ஒரு ஊர் தேவைப்படுகிறது. மாநகரத்தை எடுத்தால் எல்லாம் ஓரளவு சரியாகவே தோன்றும். ஆகவே தீவுப்பகுதியில் சரவணையை எடுத்துக்கொள்கிறேன். ஒல்லாந்தர் லைடன் என்று பெயரிட்ட வேலணைத் தீவின் ஒரு கிராமம் அது. யாழ்ப்பாண நகருக்குப் போகப் பண்ணைப் பாலத்தைக் கடக்க வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யுத்தம் தீவுப்பகுதி மக்களைப் பெருமளவில் பெயர்த்தெடுத்தது. அவர்களுள் பலர் இன்று கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். ஊரிலே பூட்டிய வீடுகளும், முதியவர்களும், பாடசாலைப் பிள்ளைகளும், திரும்பி வந்து தொழில் தேடும் குடும்பங்களும். இப்படியான ஓர் ஊரில் வாசிப்பை ஊக்குவிப்பதென்றால் என்ன என்பதே என் கேள்வி. வேலணையில் ஒரு மேடை போட்டுச் சரவணைப் பிள்ளையை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து கைதட்ட வைப்பதா? அல்லது அந்தப் பிள்ளையின் வீட்டில் வாரம் ஒரு புதிய நூல் இருக்கும்படி செய்வதா? முதலாவது நிகழ்ச்சி. இரண்டாவதே திட்டம். நம்முடைய நிர்வாகங்கள் இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொண்டிருக்கின்றன.

இரண்டாவதைச் செய்ய முற்படுவோர் முதலில் திருத்த வேண்டியது அங்கத்துவப் படிவத்தை. பல உள்ளூராட்சி நூலகங்களில் அங்கத்தவராக ஒரு பிணையாளி வேண்டும். அவர் அந்த எல்லைக்குள் ஆதனவரி செலுத்துபவராகவோ அரச உத்தியோகத்தராகவோ இருக்க வேண்டும். நூல் தொலைந்துவிடுமே என்ற அச்சத்தில் பிறந்த விதி இது. சொந்தக் காணியில், சொந்த வீட்டில், தலைமுறையாக இருப்பவருக்கு இது ஒரு கையொப்பம். இடம்பெயர்ந்து திரும்பி வந்து, உறவினர் வீட்டிலோ வாடகை வீட்டிலோ இருப்பவருக்கு இது ஒரு மதில்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணமுண்டு. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ் நகர முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி கிடைத்தது இரண்டு மணித்தியால அவகாசம். வீடுகளில் இருந்த கிதாபுகளும் நூல்களும் அங்கேயே கிடந்தன. அந்தக் குடும்பங்களில் மீளக் குடியேறியவர்கள் நூலகத்துக்குப் போனால், படிவம் அவர்களிடம் கேட்கும் முதற் கேள்வி, இந்த ஊரில் உனக்காக யார் நிற்பார் என்பது. தீவுப்பகுதியின் மீள்குடியேறிகளுக்கும் அதே கேள்விதான். ஒரு சமூகம் முஸ்லிம், மற்றது சைவமோ கத்தோலிக்கமோ. படிவத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. வேரறுந்த எவரையும் அது ஒரேவிதமாக நிறுத்தி வைக்கிறது. வாசிப்பு மாதமும் அதே ஒக்டோபரில் வருகிறது என்பது தற்செயல்தான். ஆயினும் என்னால் அவ்விரண்டையும் பிரித்து நினைக்க முடிவதில்லை.

பாடசாலை அதிபரின் ஒரு கடிதமோ கிராம அலுவலரின் ஒரு சான்றோ போதும் என்று சபை தீர்மானித்தால் மதில் விழுந்துவிடும். சில நூல்கள் தொலையும். தொலையட்டும். ஒருவரும் தொடாமல் இராக்கையில் கறையான் தின்னும் நூலைவிட, ஒரு வீட்டில் தொலைந்த நூலுக்கு வாசகர் கிடைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது, நூல் நடப்பது. இந்தச் சிந்தனை நமக்குப் புதிதல்ல. எஸ்.ஆர். இரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதி வெளியிட்ட அதே 1931இல், தஞ்சைப் பகுதியின் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்ற பொறியியலாளர் மாட்டு வண்டியொன்றை நூலகமாக்கிக் கிராமங்களுக்கு அனுப்பினார். வாசகர் வரட்டும் என்று காத்திராமல் நூல் வாசகரைத் தேடிப் போனது. 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய நூலக நண்பர்கள் திட்டத்திலும் தன்னார்வலர்கள் நூல்களை வீடுகளுக்கு எடுத்துச் செல்கிறார்கள். தொண்ணூறு ஆண்டு இடைவெளியில் வண்டி மாறியிருக்கிறது, கருத்து மாறவில்லை. அதே இரங்கநாதன்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எழுந்தபோது ஆலோசகராகவும் இருந்தவர். அவருடைய கட்டடம் பற்றிய ஆலோசனையை ஏற்றுக்கொண்ட நாம், நூலுக்குக் கால் வேண்டும் என்ற அவருடைய அடிப்படைச் சிந்தனையை அந்த அளவுக்கு ஏற்கவில்லை.

தீவுப்பகுதிக்கு வண்டிகூடப் புதிதாகத் தேவையில்லை. யாழ்ப்பாணக் கிராமங்களில் சனசமூக நிலையங்கள் என்ற அருமையான அமைப்பு உண்டு. காலையில் பத்திரிகை வாசிக்க நாலுபேர் கூடுமிடம். ஐம்பது நூல்கள் கொண்ட ஒரு பெட்டியை அங்கே வைத்து, மாதமொரு முறை பக்கத்து ஊர்ப் பெட்டியுடன் மாற்றிக்கொண்டால் போதும். பெட்டியின் பொறுப்பு அந்த நிலையத்தின் செயலாளருக்கு. சரவணைப் பெட்டி அடுத்த மாதம் புங்குடுதீவில் இருக்கும். குறிகாட்டுவானிலிருந்து நாளாந்தம் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் போகின்றன. அரிசியும் சீமெந்தும் ஏறும் படகில் ஒரு நூற்பெட்டி ஏறுவதற்குத் தனியாக எந்தக் கருத்திட்டமும் எழுத வேண்டியதில்லை. நயினாதீவில் சைவ, பௌத்த, முஸ்லிம் வழிபாட்டு இடங்கள் மூன்றும் உள்ளன. அங்கே இறங்கும் பெட்டிக்குள் என்னென்ன நூல்கள் இருக்க வேண்டும் என்று யோசிக்கிற நூலகர், வாசகரை யோசிக்கத் தொடங்கிவிட்டார் என்று பொருள்.

பெட்டிக்குள் என்ன என்பதே மூன்றாவது விடயம். வெளிநாட்டு அன்பளிப்பாக வரும் நூல்கள் பெரும்பாலும் யாரோ கழித்துவிட்டவை. எண்ணிக்கையைக் கூட்டும், வாசகரைக் கூட்டா. மாறாக, ஊரின் எழுத்து ஊர் நூலகத்தில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கவிஞர் தில்லைச்சிவன் சரவணையைச் சேர்ந்தவர். 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள் பக்கத்துக் கரம்பொன்னின் பிள்ளை. மு. தளையசிங்கம் புங்குடுதீவில் வாழ்ந்து 1973இல் மறைந்தவர். இவர்களை வாசிக்க ஒரு சரவணைப் பிள்ளை பண்ணைப் பாலம் தாண்ட வேண்டியிருந்தால் அது வெட்கக்கேடு. அதே அளவுகோலை யாழ்ப்பாண முஸ்லிம் புலவர்களுக்கும் வைக்கிறேன். முகியித்தீன் புராணம் பாடிய பதுறுத்தீன் புலவரும் அசனாலெப்பைப் புலவரும் யாழ்ப்பாணத்து மண்ணின் புலவர்கள். உள்ளூர்ச் சேகரிப்பு என்று எங்கே ஓர் இராக்கை அமைத்தாலும் அங்கே அவர்கள் இருக்க வேண்டும். விருந்தாளிகளாக அல்ல, வீட்டுக்காரராக. 2005இல் தொடங்கிய நூலகம் இணைய எண்ணிம முயற்சி பல்லாயிரம் ஈழத்துப் பிரதிகளைத் திரையில் கொண்டுவந்துவிட்ட பிறகு, கிடைக்கவில்லை என்ற சாட்டும் வரவர மெலிகிறது.

இங்கே நம்முடைய எழுத்தாளர் சமூகத்தையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நமது வெளியீட்டு விழாக்களில் முதற் பிரதியை யார் பெற்றுக்கொண்டார் என்பது பத்திரிகைச் செய்தி. முதற் பிரதியை வாங்கும் தனவந்தர் அதை வாசிப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். அதன் பணத்தில் அச்சகக் கடன் தீர்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பத்தாவது பிரதி எந்த நூலகத்தின் எந்த இராக்கையில் இருக்கிறது என்று எந்த விழாவிலும் கேட்கப்பட்டதை நான் கேட்டதில்லை. முதலாவதாக இறங்கிய வஹீ ஓதுமாறு ஏவியது என்று எல்லா மேடையிலும் பெருமையுடன் சொல்லும் ஒரு சமூகம், தன் நூல் ஓதப்படுகிறதா என்று பார்க்க வேண்டாமா?

நம் எல்லோருக்கும் பொதுவான இன்னொரு பழக்கமும் உண்டு. 1981 மே 31 இரவு எரியூட்டப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றி, அதன் 97,000 நூல்களைப் பற்றிக் கவிதைகள், கட்டுரைகள் என்று எவ்வளவோ எழுதியிருக்கிறோம். எழுதத்தான் வேண்டும், அது மன்னிக்க முடியாத கொடுமை. ஆனால் எரிந்த நூலகம் ஒரு குறியீடாகிவிட்டது. குறியீட்டுக்கு வாசகர் தேவையில்லை. 1933இல் க.மு. செல்லப்பா தம் வீட்டில் நூலகத்தைத் தொடங்கியபோது அவருக்கு இருந்தவை சில நூல்களும் வாசிக்க வந்த அயலவர்களுமே. அந்தத் தொடக்கத்தை நினைவுகூர்வதென்றால் இன்றைக்குத் திறந்திருக்கும் கிராம நூலகத்துக்குப் போய் ஒரு நூலை இரவல் எடுப்பதே தகும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, வாசிப்பு மாதம் வேண்டாம் என்றா கேட்பீர்கள்? அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த ஒரு மாதத்தில்தான் நூலகத்துக்குச் சபையின் பார்வையும் கொஞ்சம் பணமும் கிடைக்கின்றன. பல பிள்ளைகள் நூலகத்தின் வாசற்படியை முதன்முதலில் மிதிப்பதும் அப்போதுதான். குறை அந்த நாளில் இல்லை, மறுநாளில் இருக்கிறது. நிகழ்ச்சி முடிந்ததும் பதாகை சுருட்டப்படுகிறது, அறிக்கை மேலிடத்துக்குப் போகிறது, அந்த மாதம் முழுக்கக் கதிரை அடுக்கிய நூலகர் தன் மேசைக்குத் திரும்புகிறார். அவரிடம் யாரும் கேட்பது எத்தனை பேர் வந்தார்கள் என்பதை. மீண்டும் வந்தவர்கள் எத்தனை பேர் என்பதைக் கேட்பாரில்லை.

அந்த ஒரு கேள்வியை மாற்றினால் திட்டம் தானாக மாறும் என்பது என் துணிபு. மீண்டும் வந்தவரைக் கணக்கிடத் தொடங்கினால், படிவம் ஏன் தடுக்கிறது என்று சபை யோசிக்கும். பாடசாலை விட்டபின் பிள்ளை வரும் நேரத்தில் நூலகம் ஏன் மூடப்படுகிறது என்று யோசிக்கும். நூல்களைத் தெரிவுசெய்யும்போது நூலகரின் சொல்லுக்கு இடம் கொடுக்கும். கட்டுரைப் போட்டிக்குப் பதிலாக, தான் வாசித்த ஒரு நூலைப் பற்றிப் பிள்ளை ஐந்து நிமிடம் பேசட்டும் என்று வைக்கும். இவற்றுள் எதற்கும் பெரும் செலவில்லை.

நூலகத்தில் நவம்பர் மாதத்து இரவல் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. அடுத்த ஒக்டோபர் விழாவில் வரவேற்புரை முடிந்ததும், பிரதம விருந்தினரின் உரைக்கு முன்பாக, சென்ற நவம்பரில் சரவணையிலிருந்து எத்தனை பேர் எந்தெந்த நூல்களை எடுத்தார்கள் என்று நூலகர் எழுந்து வாசிக்கட்டும். பெயர்கள் வேண்டாம், எண்ணும் நூற்தலைப்புகளும் போதும். வாசிக்க அரை நிமிடத்துக்குரிய செய்திகூட அதில் இல்லாவிட்டால், மேடையில் இருப்பவர்கள் மீதி நேரத்தை அதைப் பற்றிப் பேசட்டும்.