வாசலில் நிற்கும் நாயனம்

ஆடிக் கடைவெள்ளியில் இருக்கன்குடி ஆற்று மணலெங்கும் மக்கள் வெள்ளம். திரளுக்கு நடுவே நாயனம் முழங்குகிறது. வியர்வை வழிய ஊதுகிறான் கலைஞன். நின்று கேட்போர் எத்தனை பேர்?

அந்த நாயன மரபில் பிறந்தவர்தாம் கத்ரி கோபால்நாத். தந்தையார் நாகசுரக் கலைஞர். மைந்தரை ஈர்த்ததோ மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் கண்ட சாக்சபோன். 1846இல் அடால்ஃப் சாக்ஸ் உரிமம் பெற்ற கருவி அது. கறுப்பின மக்களின் ஜாஸ் இசையில் புத்துயிர் பெற்றது.

அதில் கமகம் பிறக்குமா என ஐயுற்றனர் அறிஞர். ஐயம் தவறன்று. நாயனத்தில் விரல் துளையைப் பாதி மூடிச் சுரத்தை வளைக்கும். சாக்சபோனிலோ விரலுக்கும் துளைக்கும் இடையே விசை நிற்கிறது. அத்தடையை உதட்டாலும் மூச்சாலும் வென்றார் அவர். 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் ஜான் ஹாண்டியுடன் வாசித்தார். 1994இல் இலண்டன் ஆல்பர்ட் மண்டபம் அவரைக் கேட்டது. அதே ஆண்டு ‘டூயட்’ படம் அவ்வொலியைப் பட்டிதொட்டியெங்கும் பரப்பிற்று. விரைந்த சுரங்களில் மின்னும் அவர் வாசிப்பு, நின்று நீளும் ஆலாபனையில் தந்தையின் நாயனத்தையே நாடுகிறது. அதுவே அதன் அழகு!

அயல்நாட்டுக் கருவிக்கு மேடை தந்தோம், நன்று. ஆனால் மேடையில் அமர்ந்து வாசிக்கும் உரிமைக்குத் திருவாவடுதுறை இராசரத்தினமே வாதாட வேண்டியிருந்த நாடன்றோ இது? 2019இல் மறைந்த கோபால்நாத்தைப் போற்றுவோர், அவர் மூச்சு பிறந்த மரபையும் போற்றட்டும். வாசலில் நிற்கும் கலைஞனுக்கு முதலில் ஓர் இருக்கை இடுவோம். பிறகு அமர்ந்து கேட்போம்!