துடைப்பமும் பந்தியும்: ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் மூன்று பாடல்கள்

வழிபாடு எங்கே நிகழ்கிறது? கோயிலில் என்பது எளிய விடை. மணி அடித்ததும் கூடிப் பாடி, வேண்டிக் கலைந்த பின், எஞ்சிய நேரமெல்லாம் அடுப்படிக்கும் வயலுக்கும் அலுவலகத்துக்கும் உரியது என்று மனிதர் வகுத்துக்கொள்கின்றனர். கிறிஸ்துவ மரபில் இப்பிரிவினையை ஏற்காத பெரியோர் அவ்வப்போது தோன்றியுள்ளனர். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் துறவியர்க்கு ஒழுங்கு வகுத்த பெனடிக்ட், மடத்தின் கருவிகளையும் கலங்களையும் பலிபீடத்துப் பாத்திரங்களைப் போலவே பேணுக என்று விதித்தார்; வாயிலுக்கு வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்றுக்கொள்க என்றும் விதித்தார். 1520இல் மார்ட்டின் லூதர், துறவியின் நோன்பும் உழவனின் வேலையும் இல்லத்தரசியின் பணியும் இறைவன் முன்னிலையில் வேறுபட்டவை அல்ல என்று எழுதினார். இக்கொள்கையை உரைநடையில் சொல்வது எளிது. பாட்டாக்குவது அரிது, பாட்டாக்கும்போது போதனையின் வாடை வீசாமல் காப்பது அதனினும் அரிது. அவ்வரிய செயலைச் செய்தவர்களுள் ஆங்கிலப் புலவர் ஜார்ஜ் ஹெர்பர்ட் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர்.

ஹெர்பர்ட் 1593ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டின் மான்ட்கோமரியில் உயர்குடியில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கற்று, 1620இல் அப்பல்கலைக்கழகத்தின் பெயரால் உரை நிகழ்த்தும் பேச்சாளர் பதவியைப் பெற்றார். அரசவையில் உயர விரும்புவோர்க்கு அது நல்ல ஏணி. 1624இல் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். பின்னர் அவ்வழியை விட்டு விலகி, 1630இல் சாலிஸ்பரி நகரை அடுத்த பெமர்ட்டன் என்னும் சிற்றூரில் குருவாக அமர்ந்தார். மூன்றாண்டு நிறையுமுன், 1633 மார்ச்சில், காச நோயால் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 40கூட நிரம்பவில்லை. இறக்கும் தறுவாயில் தம் பாடல்களின் கையெழுத்துப் படியை நண்பர் நிக்கலஸ் ஃபெரருக்கு அனுப்பி, மனம் நொந்த ஓர் உயிர்க்கேனும் பயன்படுமாயின் அச்சிடுக, இன்றேல் எரித்துவிடுக என்று சொல்லி அனுப்பினாராம். 1670இல் ஐசக் வால்ட்டன் எழுதிய வாழ்க்கை வரலாறு இதனைக் கூறும். ஃபெரர் எரிக்கவில்லை. அவ்வாண்டே ‘ஆலயம்’ என்னும் பெயரோடு நூல் வெளிவந்தது.

அந்நூலில் தொழிலைப் பற்றி ஒரு பாடலும், நன்றியைப் பற்றி ஒரு பாடலும், விருந்தைப் பற்றி ஒரு பாடலும் உள்ளன. மூன்றும் தனித்தனியே புகழ் பெற்றவை. ஆயின் மூன்றையும் சேர்த்துப் படித்தாலன்றி எந்த ஒன்றின் பொருளும் முழுமையாக விளங்காது. தனித்துப் படிக்கப்பட்ட தொழிற்பாடல் ஏழைக்குக் கேடு சூழவும் கூடும்.

பொன்னாக்கும் குளிகை

தொழிற்பாடலின் பெயர் ‘எலிக்ஸர்’. இழிந்த உலோகத்தைப் பொன்னாக்கும் குளிகையை அச்சொல் குறிக்கும். நம் சித்தர் நூல்கள் பயின்றோர் ‘பரிசவேதி’ என்றவுடன் உணர்ந்துகொள்வர். எல்லாப் பொருளிலும் இறைவனைக் காணவும், எதைச் செய்தாலும் அதை அவனுக்காகவே செய்யவும் எனக்குக் கற்பிக்க வேண்டும் என்னும் வேண்டுதலோடு பாடல் தொடங்குகிறது. கண்ணாடிப் பலகையைப் பார்ப்பவன் கண்ணாடியோடு பார்வையை நிறுத்திக்கொள்ளலாம். அதனை ஊடுருவி வானத்தையும் காணலாம் என்று ஓர் உவமை வருகிறது. பின்னர்ப் பலரும் அறிந்த அந்தத் துடைப்பம் வருகிறது. ‘உன் பொருட்டு’ என்னும் ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொண்டால், பணியாள் ஒருவன் கடும் ஊழியத்தையும் தெய்வத்தன்மை உடையதாக்கிவிடுகிறான். அவ்வாறு அறையைப் பெருக்குபவன் அறையையும் அழகாக்குகிறான், பெருக்கும் செயலையும் அழகாக்குகிறான் என்பது கருத்து. வெறும் அறிவுரையாகப் போயிருக்கக்கூடிய கருத்தைத் தூசியும் துடைப்பமும் காப்பாற்றிவிடுகின்றன.

இப்பாடலின் முந்திய வடிவம் ‘வில்லியம்ஸ் படி’ எனப்படும் கையெழுத்துப் படியில் கிடைத்துள்ளது. அதில் முதலில் இடப்பட்ட பெயர் ‘நிறைவு’ என்பது. இவை உயர்ந்த நிறைவுகள். தம் செயல்களுக்குள் ஒளியை விடத் துணிந்தவர்கள் பேறு பெற்றவர்கள் என்னும் கருத்தோடு அவ்வடிவம் முடிந்தது. திருத்தியபோது ஹெர்பர்ட் அம்முடிவை அடியோடு நீக்கினார். அதன் இடத்தில் குளிகைக் கல் வந்தது: இறைவன் தொட்டுத் தனதாக்கிக்கொண்ட பொருளின் மதிப்பை எவரும் குறைத்துச் சொல்ல முடியாது என்று பாடல் இப்போது முடிகிறது. இது சொல்மாற்றம் மட்டும் அன்று. ‘நிறைவு’ துணிவுடைய சிலரின் சாதனை. குளிகையோ தொடுபவனின் அருள். தொடப்படும் பொருள் இரும்பாக இருந்தாலும் தடையில்லை. ஒரு செய்யுளை அழித்ததனால் ஆன்றோரின் பெருமையாக இருந்தது பணிப்பெண்ணுக்கும் உரியதாயிற்று.

இனி ஒரு வினா எழுகிறது. வேலைக்காரர்கள் நிறைந்த நாட்டில், வேலை வாங்குபவன் இப்பாடலைப் பாடினால் என்ன ஆகும்? துடைப்பம் தெய்வத்தன்மை உடையது. ஆகவே கூலி குறைவு என்று முணுமுணுக்காதே என்று பணியாளுக்குச் சொல்வதாக முடியாதா? பாடல் பின்னாளில் ஆலயங்களில் துதிப்பாட்டாகவே பாடப்பட்டு வந்தமையால் இவ்வினாவைத் தள்ளிவிட இயலாது. பாடலில் கூலியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிடித்துவைக்கப்பட்ட கூலி வானம் வரை முறையிடும் என்று விவிலியத்தின் யாக்கோபு நிருபம் எச்சரிக்கிறது. அந்தச் சூடு இங்கே இல்லை. பாடியவரும் கூலிக்குத் துடைப்பம் பிடித்தவர் அல்லர்.

ஆயினும் பாடலின் இலக்கணத்தையே கவனித்தால் ஒரு விடை கிடைக்கிறது. கற்பிக்க வேண்டும் என்று வேண்டப்படுவது தன்மை ஒருமைக்கு. ‘எனக்குக் கற்பி’ என்பதே வேண்டுதல். ‘என் வேலையாளுக்குக் கற்பி’ என்பதன்று. வேலையைத் தெய்வத்தன்மை உடையதாக ஆக்குபவனும் அதைச் செய்பவனே, ஏவியவன் அல்லன். தனக்காக ஒருவன் செய்யும் வேண்டுதலைப் பிறனுக்கு இடும் கட்டளையாக மாற்றினால், பாடல் அந்த இடத்திலேயே பொய்யாகிவிடும். வால்ட்டன் கூறும் ஒரு நிகழ்ச்சியும் இங்கே நினைக்கத்தக்கது. இசை கேட்க நண்பர்களிடம் சென்றுகொண்டிருந்த ஹெர்பர்ட், சுமையோடு வழியில் விழுந்து கிடந்த குதிரையையும் அதன் ஏழை உடையவனையும் கண்டார். மேலாடையைக் கழற்றி வைத்து, சுமையை இறக்கவும் மீண்டும் ஏற்றவும் உதவினார். அழுக்கடைந்த உடையோடு நண்பர்கள் முன் போய் நின்றார் என்பர். பாடலை அவர் முதலில் தம்மிடமே பாடிக்கொண்டார் என்பதற்கு இது சான்று.

கேட்டுப் பெறும் நன்றி

நன்றிப்பாடல் ஒரு வேடிக்கையான இரவலனைக் காட்டுகிறது. இவ்வளவு தந்தாய், இன்னும் ஒன்று தா என்று அவன் கேட்கிறான். கேட்கும் அந்த ஒன்று நன்றியுள்ள நெஞ்சு. அதைத் தராவிட்டால் முன்பு தந்தவை யாவும் வீணாய்ப் போகும் என்று கொடையாளியையே மடக்குகிறான். நன்றி என்பது மனிதன் இறைவனுக்குத் திருப்பிக் கொடுக்கும் கடன் என்றே பொதுவாகக் கருதப்படும். ஹெர்பர்ட் அந்த நன்றியையும் இரந்து பெற வேண்டிய பொருளாக்கிவிட்டார். திருப்பிக் கொடுப்பதற்கும் அவனிடமே கேட்க வேண்டுமாயின், மனிதன் கையில் தன்னுடையது என்று சொல்ல என்ன இருக்கிறது?

இப்பாடலிலும் வீடு இருக்கிறது; அறை இருக்கிறது. இரவலர் ஓயாமல் கதவைத் தட்டுகின்றனர். அவர்தம் கண்ணீர் இறைவனின் தெளிந்த அறைகளை மாசுபடுத்துகிறது. தொழிற்பாடலில் மனிதன் அறையைப் பெருக்கினான். இங்கே மனிதன் இறைவனின் அறையை அழுக்காக்குகிறான். வீட்டுக்குரியவனோ முகம் சுளிக்கவில்லை. வானத்தில் இதனினும் இனிய இசை இருந்தும், இந்த இரைச்சலையும் பெருமூச்சையும் நாட்டுப்புறப் பாட்டைப் போல் விரும்பிக் கேட்கிறான். யார் யாருக்குப் பணி செய்கிறார் என்னும் கணக்கு இவ்விடத்திலேயே தலைகீழாகிறது.

யாப்பும் பொருளோடு சேர்ந்து நடக்கிறது. ஒவ்வொரு செய்யுளிலும் மூன்று அடிகள் ஓடி, நான்காம் அடி இரண்டே அசையில் நின்றுவிடுகிறது. பாடலின் முடிவில் காரணம் தெரிகிறது. தோன்றும்போது மட்டும் நன்றி சொல்லும் நெஞ்சு வேண்டா. நாடித்துடிப்பே புகழ்ச்சியாக அமைந்த நெஞ்சு வேண்டும் என்று அவன் கேட்கிறான். அக்குறுகிய அடிகள் தொடக்கத்திலிருந்தே துடித்துக்கொண்டிருந்த நாடி என்பது அப்போதுதான் புலப்படும்.

அமர மறுக்கும் விருந்தினன்

‘அன்பு’ என்னும் பெயரில் நூலில் மூன்று பாடல்கள் உள. மூன்றாவது, நூலின் நடுப்பகுதியாகிய ‘கோயில்’ என்பதன் இறுதிப் பாடல். 18 அடிகளே உடையது. அன்பு என்னும் பெயரோடு இறைவன் வீட்டுக்குரியவனாக வாயிலில் நின்று வரவேற்கிறான். வந்தவன் தன் குற்றத்தை எண்ணிக் கூசிப் பின்வாங்குகிறான். கூர்ந்த கண்ணுடைய அன்பு அதைக் கண்டு அருகில் வந்து, என்ன குறை என்று இனிமையாக வினவுகிறது. இங்கே இருக்கத் தகுந்த விருந்தினன் இல்லையே, அதுவே குறை என்கிறான் அவன். நீயே அவன் என்கிறது அன்பு. உன்னைப் பார்க்கவும் தகாத கண்கள் என்றால், கண்ணைப் படைத்தவன் நானல்லவா என்கிறது. அக்கண்களைக் கெடுத்துக்கொண்டேன் என்றால், பழியை ஏற்றவன் யார் என்று கேட்கிறது. எல்லா வாதமும் தோற்றபின் அவன் கடைசி அரணுக்குள் ஒதுங்குகிறான்: அப்படியாயின் பணிவிடை செய்ய ஒப்புக்கொள்கிறேன் என்கிறான். அன்பு அதற்கும் இசையவில்லை. அமர்ந்து உண்ண வேண்டும் என்கிறது. அவன் அமர்கிறான், உண்கிறான். அதற்குமேல் ஒரு விளக்கமும் இல்லை. இறுதி அடி ஆறு சொற்களால் ஆனது. ஆறும் ஓரசைச் சொற்கள்.

பணிவிடை செய்வேன் என்னும் அந்தச் சொல்லே மூன்று பாடல்களையும் இணைக்கும் முடிச்சு. தொழிற்பாடலின் பணியாள் மீண்டும் இங்கே வந்து நிற்கிறான். பணி செய்துவிட்டால் கடன்படாமல் தப்பிக்கலாம் என்பது அவன் எண்ணம். பந்தியில் அமர்வதைவிடப் பரிமாறுவது எளிது. பரிமாறுபவனுக்கு ஒரு தகுதி உண்டு, உண்பவனுக்கோ பசி ஒன்றே உண்டு. ஊழியத்தில் ஒளிந்துகொள்ளும் இச்செருக்கை ஹெர்பர்ட் கண்டுபிடித்து, மென்மையாகவே வெளியேற்றுகிறார். எனவே ‘உன் பொருட்டு’ என்று அறையைப் பெருக்குவது இறைவனிடம் இடம் வாங்கச் செலுத்தும் விலை அன்று. உண்டு எழுந்தவனின் நன்றி அது.

தமிழ்க் கிறிஸ்துவர் ஆலயச் சடங்கொன்றைத் ‘திருவிருந்து’ என்று வழங்குவர். இப்பாடலின் பின்னணி அச்சடங்கே. ஆங்கிலத் திருச்சபையின் வழிபாட்டு நூலில், விருந்து சமைத்து அழைத்தவனுக்கு வர மறுப்பது எத்தகைய நன்றிகெட்ட செயல் என்று மக்களை இடித்துரைக்கும் பகுதி ஒன்று உண்டு. ஹெர்பர்ட் தம் உரைநடை நூலாகிய ‘நாட்டுப்புறக் குரு’வில் (அவர் மறைந்தபின் 1652இல் அச்சானது) இவ்விருந்தை ஏற்கும் முறையை ஆராய்கிறார். விருந்து ஆதலின் அமர்ந்திருப்பதே அதற்குப் பொருந்தும். மனிதன் தகுதியற்றவன் ஆதலின் மண்டியிடுதல் வேண்டும் என்பது அங்கே அவர் கண்ட முடிவு. ஆலயத்தில் மண்டியிடச் சொன்ன குரு, பாட்டில் அமரச் செய்துவிட்டார். சட்டம் சொல்ல முடியாததைக் கவிதை சொல்லியது.

விருந்தோம்பலைப் பாடுவது தமிழர்க்குப் புதிதன்று. வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஒன்பதாம் அதிகாரத்தையும், செய்ந்நன்றி அறிதலுக்குப் பதினோராம் அதிகாரத்தையும் வகுத்தார். அனிச்சத்தினும் மெல்லிய விருந்தினர் முகத்தை அவர் அறிந்தவர். எனினும் அவர் அறிவுறுத்துவது ஓம்புபவனையே: முகம் திரிந்து நோக்காதே என்பது அவனுக்குச் சொன்னது. ஹெர்பர்ட்டின் பாடலில் ஓம்புபவன் முகம் திரியவே இல்லை. புன்னகையோடு கையைப் பிடிக்கிறான். வாடுவது விருந்தினன் தன் நெஞ்சின் வெப்பத்தால். ஓம்புபவனின் கடமையை நம் நூல் சொன்னது. ஏற்றுக்கொள்பவனின் கூச்சத்தை இப்பாடல் சொல்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துக் கற்பித்தால் மாணவர்க்கு விருந்து என்னும் சொல்லின் இருபுறமும் விளங்கும்.

பாட்டுக்கும் வாழ்வுக்கும் இடைவெளி இல்லை என்று முடிவு கட்டுவது மிகையாகும். ஓராண்டுக்குள் ஊரார் அனைவரையும் தம் பந்திக்கு அழைத்துவிட வேண்டும் என்று ‘நாட்டுப்புறக் குரு’ கூறுகிறது. ஏழையை அழைத்துவந்து பக்கத்தில் அமர்த்தித் தம் கையாலேயே இறைச்சியை அரிந்து வைக்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஆயின் ஏழைக்குப் பணம், மற்றவர்க்குப் பந்தி என்பதே அங்கே பொதுவிதி. ஏழை பந்திக்கு வருவது சிறுபான்மை. அக்காலத்து மேற்குடியினரின் எல்லைக்கோடு குருவின் நூலில் தெரிகிறது; கவிஞரின் பாட்டில் அது அழிந்துவிட்டது. பாட்டு மனிதரை முந்திச் சென்றது என்பதே நேர்மையான மதிப்பீடு.

அப்பாட்டு எவ்வளவு தொலைவு சென்றது என்பதற்கு ஒரு சான்று போதும். பிரான்சு நாட்டுத் தத்துவ ஆசிரியை சிமோன் வெய்ல், 1934, 35ஆம் ஆண்டுகளில் தொழிற்சாலைகளில் கூலியாக வேலை செய்து, உழைப்பு மனிதனை எப்படி நசுக்கும் என்பதை உடலால் அறிந்தவர். 1938இல் கடுந்தலைவலியோடு சோலெம் மடத்தில் தங்கியிருந்தபோது ஹெர்பர்ட்டின் காலத்துக் கவிதைகளைப் பற்றிக் கேள்வியுற்றார். ‘அன்பு’ப் பாடலை மனப்பாடம் செய்து, வலி மிகும்போதெல்லாம் தமக்குள் சொல்லிக்கொண்டார், அவ்வாறு சொல்கையில் கிறிஸ்துவே தம்மிடம் வந்ததாகப் பின்னர் எழுதினார். உழைப்பின் இழிவைக் கண்டவரைத் தாங்கியது, உழைப்பைப் போற்றிய பாடல் அன்று. களைத்தவனை உட்காரச் சொன்ன பாடல்.

துடைப்பப் பாடலை மட்டும் வகுப்பில் சொல்லிக்கொடுத்துக் கடமையுணர்ச்சியை வற்புறுத்தும் ஆசிரியர்கள் அடுத்த வாரம் பந்திப் பாடலையும் சொல்லிக்கொடுப்பாராக. பெருக்கிய கைக்கும் பந்தியில் இடம் உண்டு என்பதை ஹெர்பர்ட் ‘கோயில்’ பகுதியின் கடைசியில் வைத்தார்; அதுவரையில் படித்தால்தான் நூலைப் படித்ததாகும்.