வட்டுக்குள் கைவைக்கும் பென் டிரைவ்

ஹார்ட் டிஸ்கின் ஃபர்ம்வேரை விண்டோஸுக்குள்ளிருந்தே மாற்றிவிடலாமே, எதற்குப் பென் டிரைவில் தனியாக பூட் செய்ய வேண்டும்? நியாயமான கேள்விதான். அந்த நிரலில் கொஞ்சம்தான் சர்க்யூட் பலகையில் இருக்கிறது. பெரும்பகுதி சுழலும் தட்டிலேயே, நம் கோப்புகள் எட்டாத ஓர் ஒதுக்கிடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதே வட்டிலிருந்து விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் எதையாவது எழுதிக்கொண்டோ படித்துக்கொண்டோதான் இருக்கும். பென் டிரைவில் ஃப்ரீடாஸ் போன்ற சிறிய இயங்குதளத்தை ஏற்றி பூட் செய்தால் வட்டு சும்மா கிடக்கும். கணினியில் இருப்பது லினக்ஸா விண்டோஸா என்ற கவலையும் இல்லை; விண்டோஸ் எழ மறுக்கும் கணினியிலும் வேலை நடக்கும். இந்த முறையின் பலம் இதுதான், அது சின்ன பலமும் அல்ல.

எந்த வட்டுக்கு எந்தக் கோப்பு, ஏற்றலாமா கூடாதா என்ற தீர்மானத்தை மட்டும் அது பயனர் தலையில் கட்டிவிடுகிறது. இதன் விலை என்னவென்று சீகேட்டின் பாரகுடா 7200.11 வட்டுகள் காட்டின. 2008 இறுதியில் எஸ்டி15 ஃபர்ம்வேர் கொண்ட வட்டுகளைப் பற்றிப் புகார்கள் குவிந்தன. இரவு வரை ஒழுங்காக ஓடிய வட்டு, காலையில் சுவிட்சைப் போட்டதும் பயாஸின் கண்ணில் படாது. பட்டாலும் கொள்ளளவு பூஜ்யம் என்று காட்டும். உள்ளே தரவு அப்படியே இருக்கும். வட்டு தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் உள்பதிவேட்டின் சுட்டி 320 போன்ற குறிப்பிட்ட சில எண்களில் நிற்கும்போது மின்சாரம் வந்தால், ஆலைச் சோதனையின் மிச்சத் தரவும் ஒதுக்கிடத்தில் இருந்தால், ஃபர்ம்வேர் அங்கேயே உறைந்துவிடும்.

2009 ஜனவரியில் சீகேட் எஸ்டி1ஏ என்ற திருத்தத்தை பூட் செய்யும் ஐஎஸ்ஓ கோப்பாக வெளியிட்டது. சிடி டிரைவ் இல்லாதவர்கள் அதைப் பென் டிரைவுக்கு மாற்றிக்கொண்டார்கள். முதலில் வந்த அந்தத் திருத்தமே 500 ஜிபி வட்டுகள் சிலவற்றை முடக்கியது. நிறுவனம் அதை விலக்கிக்கொண்டு, சரிசெய்து மறுபடி வெளியிட்டது. அடிபட்டவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். வட்டு நன்றாக இருக்கும்போதே முன்னெச்சரிக்கையாகத் திருத்தியவர்கள். ஏற்கெனவே முடங்கிய வட்டை வைத்திருந்தவருக்கோ பென் டிரைவால் ஒரு பயனும் இல்லை. உறைந்துபோன வட்டு, டாஸ் நிரலுக்கும் பதில் சொல்லாது. அவர் சர்க்யூட் பலகையைத் தளர்த்தி, தொடர்புமுனைகளுக்கு இடையே அட்டைத் துண்டைச் செருகி, வட்டின் பின்புற ஊசிகளில் சீரியல் அடாப்டரை மாட்டிக் கட்டளைகளைத் தட்ட வேண்டியிருந்தது.

2010இல் வந்த சாம்சங் எஃப்4 வட்டின் கதை இன்னும் வேடிக்கை. எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் ‘நீ யார்’ என்ற வழக்கமான கேள்வியைக் கணினி அனுப்பினால், எழுதப்பட வேண்டிய தரவு சத்தமில்லாமல் தொலையும். திருத்தம் வந்தது, ஆனால் பதிப்பு எண்ணை மாற்றவில்லை! டாஸ் திரை ‘முடிந்தது’ என்று சொன்னாலும், பிறகு அந்த வட்டைக் கையில் எடுப்பவருக்குத் திருத்தம் ஏறியதா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. இதோடு ஒப்பிட்டால் லினக்ஸின் ஹெச்டிபார்ம் கருவி நேர்மையானது என்று சொல்வேன்: ஃபர்ம்வேர் ஏற்றும் கட்டளையோடு, ‘செய்வது என்னவென்று எனக்குத் தெரியும்’, ‘தயவுசெய்து என் வட்டை அழித்துவிடு’ என்று பொருள்படும் இரண்டு சொற்றொடர்களையும் நாமே தட்டச்சு செய்ய வைக்கிறது.

பழைய டாஸ் நிரல்களின் காலமும் முடிந்துவருகிறது. சிலவற்றுக்குப் பயாஸில் ஏஹெச்சிஐயை ஐடிஇ என்று மாற்றினால்தான் வட்டே தெரியும். பழைய பயாஸ் முறையைக் கைவிட்ட புதிய மதர்போர்டுகளில் டாஸ் பூட்டே ஆகாது. சாம்சங் தன் எஸ்எஸ்டிகளுக்கு லினக்ஸ் அடிப்படையிலான ஐஎஸ்ஓ தருவது அதனால் நல்ல திசைதான்.

அதற்காக, ஓடுகிற வட்டைத் தொடாதே என்ற பழைய அறிவுரையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றவும் முடியாது. 2019 நவம்பரில் ஹெச்பிஇ தன் சில சர்வர் எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் தரவோடு செயலிழக்கும் என்று அறிவித்தது. ஒரே நாளில் பொருத்திய வட்டுகள் ஏறக்குறைய ஒன்றாகவே போகும் என்பதால், பல வட்டுகளைச் சேர்த்துத் தரவைக் காக்கும் ரெய்டும் காப்பாற்றாது. இப்படி நாள் குறிக்கப்பட்ட பழுதுக்குத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. பழுது இன்னது என்று நிறுவனம் பெயர் சொல்லி அறிவித்திருந்தால், பேக்கப் எடுத்துவிட்டு, யூபிஎஸ் இணைப்பில் உடனே செய்யலாம். ‘செயல்திறன் மேம்பாடு’ என்று மட்டும் எழுதியிருந்தால் நான் தொடமாட்டேன்.

பயனரின் கவனத்தை மட்டும் நம்பாத ஏற்பாடு சாத்தியம்தான். என்விஎம்இ விதிமுறை ஒரே எஸ்எஸ்டியில் 7 ஃபர்ம்வேர்கள் வரை வைக்க இடம் தருகிறது. புதியது சொதப்பினால் பழையதற்குத் திரும்ப வாய்ப்பு உண்டு. எத்தனை இடம் வைப்பது என்பது தயாரிப்பாளர் விருப்பம். சாட்டா ஹார்ட் டிஸ்குகளின் விதிமுறையில் இப்படியொரு ஏற்பாடே இல்லை.