இருநூறு வரியில் ஓர் இணையதளம்

சொந்தமாக இணையதளம் வைத்திருக்கும் நிரலாளர்களில் பலர் என்றாவது ஒருநாள் ஸ்டேட்டிக் சைட் ஜெனரேட்டரைத் தாமே எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு ஃபோல்டரில் மார்க்டவுன் கோப்புகள். நிரலை ஓட்டினால் இன்னொரு ஃபோல்டரில் ஹெச்டிஎம்எல் பக்கங்கள். டாம் பிரஸ்டன்-வெர்னரின் ஜெக்கில் 2008இலும் ஹியூகோ 2013இலும் வந்துவிட்டன. ஆனாலும் புதிய குட்டி ஜெனரேட்டர்கள் கிட்ஹப்பில் ஏறிக்கொண்டேதான் இருக்கின்றன. இதை வீண் உழைப்பு என்போர் கட்சியில் நான் இல்லை. ஆனால் சிறியதாக இருப்பதே சிறப்பு என்ற வாதத்தையும் முழுசாக ஏற்க முடியவில்லை.

தரவுத்தளம் வேண்டாம், சர்வரில் நிரல் எதுவும் ஓட வேண்டாம், ஜெனரேட்டரே செத்துப்போனாலும் பக்கங்கள் பிழைத்திருக்கும் என்பவை எல்லா ஜெனரேட்டர்களுக்கும் பொதுவான பலன்கள். குட்டி நிரலின் தனிப் பலன் வேறு. ஜெக்கிலில் கட்டிய தளத்தைச் சில வருடம் கழித்துத் திறந்தால் அது எழுதப்பட்ட ரூபி மொழியின் பதிப்பு மாறியிருக்கும், ஜெம்கள் என்ற அதன் நூலகங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகா. ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தவே அரைநாள் போய்விடும். வெளி நூலகங்களை அதிகம் சேர்க்காத இருநூறு வரி நிரலில் இந்தத் தொல்லை குறைவு. எது உடைந்தாலும் எங்கே என்று எழுதியவருக்குத் தெரியும். இந்தத் தெளிவுக்காகவே இதை எழுதிப் பார்க்கலாம்.

சிக்கல், அந்த இருநூறு வரிக்குள் வராமல் போனவற்றில் இருக்கிறது. பதிவின் தேதியைக் கோப்பு கடைசியாக மாறிய நேரத்திலிருந்து எடுத்துக்கொண்டால் நாலு வரி மிச்சமாகும். 2000களின் தொடக்கத்தில் ரேல் டோர்ன்ஃபெஸ்ட் பெர்ல் மொழியில் எழுதிய பிளாக்சம் என்ற வலைப்பதிவு நிரல் அப்படித்தான் செய்தது. ஆனால் கிட் அந்த நேரத்தைச் சேமித்து வைப்பதில்லை. புதுக் கணினியில் களஞ்சியத்தை இறக்கினால் பத்தாண்டுப் பதிவுகள் அனைத்தும் இன்று எழுதியவை ஆகிவிடும். ஆர்எஸ்எஸ் ஓடையும் அப்படித்தான். ஒரு தலைப்பில் & குறி அப்படியே நுழைந்தால் உலாவி பொறுத்துக்கொள்ளும்; எக்ஸ்எம்எல் விதி பொறுக்காது, முழு ஓடையும் நின்றுபோகும். மார்க்டவுன் பாகுபடுத்தியையும் சொந்தமாக எழுதுவேன் என்பவர்களுக்கு ஒரே பதில்தான்: வேண்டாம். ஜான் க்ரூபர் 2004இல் தந்த விவரிப்பில் இருந்த இடைவெளிகளை அடைக்க 2014இல் வந்த காமன்மார்க்குக்கு அறுநூறுக்கும் மேற்பட்ட எடுத்துக்காட்டுகள் தேவைப்பட்டிருக்கின்றன.

தமிழில் எழுதுகிறவர்களை அதிகம் பாதிப்பது பக்க முகவரிதான். தலைப்பிலிருந்து முகவரி செய்ய, எழுத்தும் எண்ணும் அல்லாதவற்றை நீக்கும் ஒற்றை வரி ரெகெக்ஸ் ஒன்றைப் பலரும் போடுகிறார்கள். பைத்தானின் உள்ளமைந்த ரெகெக்ஸுக்குப் புள்ளியும் உயிர்க்குறிகளும் எழுத்தே அல்ல. ‘தமிழ்’ என்பது ‘தமழ’ ஆகிறது. ‘காடு’ என்றொரு பதிவும் ‘குடி’ என்றொரு பதிவும் இருந்தால் இரண்டுமே ‘கட’ ஆகி, இரண்டாவது பக்கம் முதலாவதின் மேல் எழுதப்பட்டுவிடும். எச்சரிக்கைகூட வராது. குறிகளைக் காப்பாற்றினாலும் இன்னொன்று இருக்கிறது: யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் மூன்று பைட், முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக மாறுவதால் ‘தமிழ்’ என்ற சொல் மட்டுமே 45 எழுத்துகளாக நீளும். ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதியிலும் முகவரியைக் கையால் எழுதச் செய்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. நிரலும் சிறியதாகவே இருக்கும், பின்னால் தலைப்பைத் திருத்தினாலும் பழைய இணைப்புகள் அறுந்துபோகா.

திறமூலமாக வெளியிடுவதில்தான் இந்த முயற்சி மிகவும் தடுமாறுகிறது. உரிமத்தைச் சேர்த்துப் பொதுவில் வைத்ததும் ஒருவர் குறிச்சொற்கள் கேட்பார், ஒருவர் இருமொழிப் பக்கங்கள் கேட்பார். அத்தனையும் நியாயமான தேவைகள். எல்லாவற்றையும் சேர்த்தால் இன்னொரு ஹியூகோ, அதுவும் சோதனை குறைந்த ஹியூகோ. எதையும் சேர்க்காமல், எல்லோருக்கும் ஏற்றது என்று ரீட்மீயில் எழுதி வைத்தால், நம்பி வந்தவரின் எழுத்து நடுவில் சிக்கிக்கொள்கிறது. கட்டளை வரியே பழகாத எழுத்தாளருக்கு பிளாகரே மேல். நிரல் தெரிந்தவருக்கு இதைப் படித்துப் பார்க்கவும் நகலெடுத்துத் தனக்கேற்ப மாற்றிக்கொள்ளவும் கொடுக்கலாம். நிறுவிக்கொள்ளக் கொடுப்பதை என்னால் ஆதரிக்க முடியவில்லை. புதிய வசதிகள் சேர்க்கப்படமாட்டா என்பதை ரீட்மீயின் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும்.