இருபது முறை கவிழ்ந்த நாணயம்

2023 நவம்பர் 19ஆம் தேதி ஆமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டம் முதல், 2025 டிசம்பர் 3ஆம் தேதி ராய்ப்பூரில் தென்னாப்பிரிக்காவுடன் ஆடிய ஆட்டம் வரையில், ரோஹித் சர்மா, ராகுல், சுப்மன் கில் என்று தலைவர்கள் மாறியும், ஒருநாள் கிரிக்கெட்டில் இந்திய அணி தொடர்ச்சியாக இருபது முறை டாஸில் தோற்றதைக் கண்ட ரசிகர்கள், கிரக தோஷத்தையும் கைராசியையும் பற்றிப் பேசத் தொடங்கியதில் ஆச்சரியமில்லை.

ஒரு முறை தோற்கும் சாத்தியம் பாதி. இரு முறை தோற்பது கால். இவ்விதம் இருபது தடவை பாதியாக்கிக்கொண்டே போனால் 10,48,576இல் ஒன்று என்ற விகிதம் கிடைக்கிறது. ஆனால் ஆமதாபாத்திலேயே ஒருவர் எழுந்து நின்று, "இன்று தொடங்கி இருபதும் நமக்கு இல்லை" என்று ஜோசியம் சொல்லியிருந்தால்தான் இந்த எண் அப்படியே பொருந்தும். நாமோ தோல்விகள் குவிந்த பிறகு திரும்பிப் பார்த்து, வரிசை எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே கோடு கிழித்தோம். எந்த அணிக்கும், எந்த ஆட்டத்திலிருந்தும் இப்படியொரு வரிசை தொடங்கியிருக்கலாம் என்பதை மறந்தோம். அப்படியும் இது அபூர்வ சம்பவமே. ஓர் அணி இருபது தொடர் தோல்விகளைக் காண, சராசரியாக 20,97,150 முறை நாணயம் சுண்டப்பட வேண்டும்!

சிறிய வரிசைகள் அவ்வளவு அரியவை அல்ல. ஐந்து டெஸ்ட் கொண்ட தொடரில் இரு தலைவர்களுள் யாரேனும் ஒருவர் ஐந்து டாஸையும் வெல்லும் சாத்தியம் பதினாறில் ஒன்று. 1905இல் ஐந்தையும் வென்ற இங்கிலாந்தின் ஜாக்சன் தொடரையும் வென்றார். 1953இல் அதே பாக்கியம் பெற்ற ஆஸ்திரேலியாவின் ஹாசெட், ஓவல் மைதானத்தில் ஆஷஸைப் பறிகொடுத்தார். ரோஹித்தின் அணியோ 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் ஐந்து டாஸையும் இழந்து, ஐந்து ஆட்டங்களையும் வென்று, கோப்பையுடன் திரும்பியது. ஆயினும் டாஸ் ஒரு பொருட்டல்ல என்று சாதிக்க நான் துணியமாட்டேன். ராய்ப்பூரில் 358 ஓட்டங்கள் குவித்தும், இரவுப் பனியில் நனைந்த பந்தைக் கொண்டு அவற்றைக் காக்க இயலாமற்போனதை அனைவரும் கண்டோம்.

இத்தனை தோல்விக்குப் பிறகு வெற்றி வந்தே தீரும் என்று எண்ணுவது வெறும் பிரமை. பழைய பாக்கியை ஏட்டில் குறித்து வைத்து வட்டியோடு தீர்க்க நாணயம் ஒன்றும் மளிகைக் கடைக்காரர் அல்லவே! இருபத்தோராவது முறையும் சாத்தியம் அதே பாதிதான். ராய்ப்பூர் ஆட்டம் முடிந்து மூன்று நாள் கழித்து விசாகப்பட்டினத்தில், கணக்கை நம்பினாரோ கைராசியை நம்பினாரோ, ராகுல் இடது கையால் நாணயத்தைச் சுண்டினார், டாஸ் கிடைத்தது, பனியை உத்தேசித்து முதலில் பந்துவீசத் தீர்மானித்தார்.