அதுவா, அவளா? விலங்குகள் துப்பறியும் கதைகளும் தமிழின் திணைப் பாகுபாடும்

1. முன்னுரை

துப்பறியும் கதை வகைகளுள் குருதியையும் வன்முறையையும் பின்னுக்குத் தள்ளிச் சிற்றூரையும் அக்கம்பக்கத்தாரையும் தேநீர் வேளையையும் முன்னிறுத்தும் கிளை ஒன்று ஆங்கிலத்தில் 'கோஸி' என வழங்கப்படுகிறது. கதகதப்பும் இதமும் தருவது என்பது அச்சொல்லின் பொருள். இக்கதைகளில் கொலை நிகழும். ஆயினும் அது பெரும்பாலும் வாசகரின் கண்முன் நிகழ்வதில்லை. துப்பறிபவர் காவல்துறையினர் அல்லர். ஏதேனும் ஒரு விசித்திர இயல்பு உடைய பொதுமனிதர். அகதா கிறிஸ்டி 1927இல் சிறுகதை ஒன்றிலும், 1930இல் முதன்முறையாக நாவலிலும் படைத்துக் காட்டிய மிஸ் மார்ப்பிள் என்னும் முதியவர் இவ்வகை மாந்தருக்கு முன்மாதிரி எனலாம்.

இக்கிளையில் விலங்குகளுக்குத் தனி இடம் உண்டு. பூனை, நாய் ஆகியவற்றோடு நில்லாமல் செம்மறியாடும் துப்பறியப் புகுந்துவிட்டது. இத்தகைய கதையைத் தமிழாக்க முனைவோர் முதல் வாக்கியத்தின் பயனிலையிலேயே இடர்ப்படுவர். 'வந்தது' என எழுதுவதா, 'வந்தாள்' என எழுதுவதா என்னும் வினாவைத் தமிழ் இலக்கணம் ஒவ்வொரு முற்றுவினையிலும் எழுப்புகிறது. இவ்வினா வெறும் வடிவச் சிக்கல் அன்று. இக்கதைகள் தரும் இன்பத்தின் அடிப்படையையே தொடுவது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. மூன்று படிநிலைகள்

விலங்கு பெறும் அறிவின் அளவு கொண்டு இக்கதைகளை மூன்று படிநிலைகளில் வைத்து நோக்கலாம்.

முதற்படிநிலையில் விலங்கு பேசுவதில்லை. அமெரிக்க எழுத்தாளர் லிலியன் ஜாக்சன் பிரௌன் 1966இல் தொடங்கிய பூனை வரிசை இதற்குச் சான்று. இதழாளர் குவில்லரன் துப்பறிபவர். கோகோ என்னும் சயாமியப் பூனை அவருக்குத் துணை. 1968இல் மூன்றாம் நாவலோடு நின்ற வரிசை, நெடிய இடைவெளிக்குப் பின் 1986இல் மீண்டும் தொடர்ந்து பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றது. கோகோ ஒரு நூலைத் தட்டிவிடுகிறது, ஒரு பொருளை முகர்கிறது, உரத்துக் கத்துகிறது. அச்செயலில் குவில்லரன் துப்பினைக் காண்கிறார். பூனை அறிந்து செய்ததா, தற்செயலா என்பதை ஆசிரியர் இறுதிவரை உறுதிப்படுத்துவதில்லை.

இரண்டாம் படிநிலையில் விலங்குகள் தமக்குள் பேசிக்கொள்கின்றன. மனிதர் அதனை உணர்வதில்லை. ரீட்டா மே பிரௌன் 1990இல் தொடங்கிய வரிசையில் வர்ஜீனியா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் அஞ்சலகப் பெண் அலுவலர் துப்பறிய, மிஸஸ் மர்பி என்னும் பூனையும் டக்கர் என்னும் நாயும் அவரினும் முன்னதாகவே உண்மையை அறிந்து தவிக்கின்றன. ஆசிரியர் தம் வளர்ப்புப் பூனையின் பெயரையும் இணையாசிரியராக அட்டையில் இட்டுள்ளமை இவ்வகையின் விளையாட்டுப் போக்குக்கு எடுத்துக்காட்டு.

மூன்றாம் படிநிலையில் விலங்குகளே துப்பறிவோர். ஜெர்மானிய எழுத்தாளர் லியோனி ஸ்வான் 2005இல் வெளியிட்ட 'க்ளென்கில்' இதற்குச் சிறந்த சான்று. அயர்லாந்துச் சிற்றூர் ஒன்றில் மேய்ப்பர் ஜார்ஜ் மண்வெட்டி பாய்ந்து இறந்து கிடக்கிறார். அவருடைய மந்தை கொலையாளியைத் தேடத் தலைப்படுகிறது. மாலைதோறும் அவர் படித்துக் காட்டிய கதைகளும் ஆட்டு நோய்களைப் பற்றிய நூலும் ஆடுகளின் உலகறிவு. நேற்றுவரை நலமாக இருந்தவர் எப்படி இறந்தார் என வியக்கும் அவை, மண்வெட்டி ஒரு நோயன்று என்னும் முடிவுக்கு வந்தே ஆய்வைத் தொடங்குகின்றன. மந்தையின் அறிவுமிக்க ஆட்டின் பெயர் மிஸ் மேப்பிள். இந்நாவலை அந்தியா பெல் ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

3. பெயரெச்சம் மறைப்பது

பிரௌனின் பூனை நாவல்களின் தலைப்புகள் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. அவற்றில் பூனையைத் தழுவும் இணைப்பிடைப் பெயர், ஆங்கிலத்தில் மனிதருக்கு உரிய 'ஹூ' என்பதாகும். பொருள்களுக்கு உரிய 'விச்' அன்று. வாசகர் நூலைத் திறக்குமுன்பே பூனை ஆளாக உயர்த்தப்பட்டுவிடுகிறது.

முதல் நாவலின் தலைப்பைப் 'பின்னோக்கிப் படிக்கத் தெரிந்த பூனை' எனத் தமிழாக்கலாம். இங்குத் 'தெரிந்த' என்னும் பெயரெச்சம் திணை, பால், எண் எதனையும் காட்டாது. 'தெரிந்த பூனை', 'தெரிந்த பெண்', 'தெரிந்த மக்கள்' அனைத்தும் ஒரே வடிவம். எனவே ஆங்கிலத் தலைப்பின் குறும்பு தமிழில் ஓசையின்றி மறைகிறது. இவ்விழப்பைத் தலைப்பிலேயே ஈடுசெய்ய முயல்வது வீண். நூலின் உள்ளே முற்றுவினைகளில் ஈடுசெய்ய வழியுண்டு.

4. வழுவமைதியும் கோகோவும்

மக்கள், தேவர், நரகர் ஆகியோரை உயர்திணை எனவும் ஏனைய உயிருள்ளனவும் உயிரில்லனவும் அஃறிணை எனவும் நன்னூல் வகுக்கிறது. உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மயங்கி வருதலை அந்நூல் வழுவமைதியாக ஏற்கிறது. ஆவினைத் தாயெனச் சுட்டிப் பெண்பால் வினைமுற்றால் முடிப்பதை உவப்புக்கு எடுத்துக்காட்டாக உரையாசிரியர்கள் தருவர். இன்றும் வீட்டு நாயை 'அவன்' எனச் சுட்டும் வழக்கு இவ்விதியின் வாழும் சான்றாகும்.

வழுவமைதி பேசுவோனின் மனநிலையைச் சார்ந்தது. விலங்கின் இயல்பைச் சார்ந்தது அன்று. கோகோ கதைகளின் தமிழாக்கத்திற்கு இவ்வேறுபாடு பெரும்பயன் நல்கும். குவில்லரனின் பேச்சில் 'அவன் ஏதோ சொல்ல வருகிறான்' எனவும், ஆசிரியர் கூற்றில் 'பூனை அலமாரியின் மேல் ஏறியது' எனவும் அமைக்கலாம். வளர்ப்பவர் உவப்பினால் உயர்திணை ஆக்குகிறார். கதைசொல்லி அவ்வாறு ஆக்குவதில்லை. பூனை அறிந்து செய்ததா என்னும் ஐயம் இவ்விரு முடிபுகளுக்கும் இடையே உயிர்ப்புடன் நிற்கும். ஆசிரியர் கூற்றிலும் 'அவன்' என எழுதிவிட்டால் ஐயம் தீர்ந்துவிடும். ஐயம் தீர்ந்தால் இவ்வரிசையின் சுவையும் தீரும்.

தேவனின் 'துப்பறியும் சாம்பு' இங்கு ஒப்புநோக்கத்தக்கது. வங்கி எழுத்தரான சாம்புவின் வெற்றிகள் அறிவாலா, நற்பேற்றாலா என்னும் வினாவே அக்கதைகளின் நகைச்சுவைக்கு ஊற்று. கொலைக்கதைக்குரிய பரபரப்பு நடையினும் தேவனின் அமைந்த நடையே இத்தகைய மொழிபெயர்ப்புகளுக்கு ஏற்ற வழிகாட்டி.

5. மேய்ந்ததா, மேய்ந்தாளா?

'க்ளென்கில்' நாவலுக்கு வழுவமைதி போதாது. இங்கு ஆட்டினை நேசிக்கும் மனிதன் கதை சொல்லவில்லை; ஆடுகளின் பார்வையிலேயே கதை நகர்கிறது. ஜெர்மன் மொழியில் செம்மறியைக் குறிக்கும் சொல் அலிப்பால். மிஸ் மேப்பிள் என்னும் பெயரோ பெண்பால் பதிலிடு பெயரைப் பெறுகிறது. ஆங்கில ஆக்கத்திலும் பெயருடைய ஆடுகள் ஆண்பாலாகவும் பெண்பாலாகவும் சுட்டப்படுகின்றன. இவ்விரு மொழிகளிலும் வினை பாலுக்கேற்ப மாறுவதில்லை. ஆகவே அங்குச் சுமை பதிலிடு பெயரோடு நின்றுவிடுகிறது. தமிழிலோ அது வினைமுற்றுக்கும் பரவுகிறது.

'அவள்' எனக் கொள்வோமாயின் விளைவு யாது? 'மிஸ் மேப்பிள் நெடுநேரம் சிந்தித்தாள். பிறகு மேய்ந்தாள்' என்னும் தொடரை நோக்குக. 'சிந்தித்தாள்' இயல்பாகப் பொருந்துகிறது. 'மேய்ந்தாள்' வசைபோல ஒலிக்கிறது. 'சிந்தித்தது; பிறகு மேய்ந்தது' எனின் முதல் வினை மெல்லிய நகை தருகிறது; இரண்டாம் வினை இயல்பாகிறது. ஆடு ஆடாகவே நின்று சிந்திப்பதில்தான் இந்நாவலின் நகை பிறக்கிறது. கொலையைப் பற்றிய உயர்ந்த எண்ணம் நல்ல புல்லைக் கண்டதும் கலைந்துபோக வேண்டும். உயர்திணை முடிபு அக்கலைவை இழிவாக்கிவிடும்.

பஞ்சதந்திரக் கதைகளோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். அங்கு நரி மனித அறிவின் முகமூடி; நரியின் மோப்பமோ உணவோ பெரும்பாலும் கதைக்கு இன்றியமையாதன அல்ல. ஆகவே 'நரியார்' என்னும் உயர்வு வழக்கு அங்குப் பொருந்தும். ஸ்வானின் ஆடுகளோ ஆட்டின் புலன்களால் அறிபவை. அவற்றின் மூக்கே சான்று.

'அது' என்பது இழிவுக் குறிப்பு எனச் சிலர் மறுக்கக்கூடும். 'குழந்தை அழுகிறது', 'பாவம், அதற்கு என்ன தெரியும்' என்னும் வழக்குகள் அம்மறுப்புக்கு விடையாகும். தமிழில் அஃறிணை முடிபு பரிவையும் நெருக்கத்தையும் தாங்கவல்லது.

எனினும் மற்றொரு தடை எஞ்சுகிறது. ஆடுகளுக்கு 'அது'வும் மனிதருக்கு 'அவர்'உம் இட்டால் கதைசொல்லி மனிதர் பக்கம் சாய்ந்ததாகத் தோன்றாதா? மனிதரின் ஆன்மா சிறியது எனக் கருதும் ஆடுகளின் பார்வையில், மனிதரை அஃறிணையாக்கித் திணையைத் தலைகீழாக்கலாமே எனவும் எண்ணத் தோன்றும். இது தருக்கத்திற்கு ஒத்ததே; ஆயினும் ஒவ்வொரு வாக்கியத்திலும் மீளும் ஒரே நகைச்சுவை சில பக்கங்களில் சலித்துவிடும். மூலம் இவ்வெள்ளலைக் கருத்தால் செய்கிறதேயன்றி இலக்கணத்தால் செய்யவில்லை.

இத்தடைக்குத் தீர்வு தமிழிலேயே உண்டு. தன்மைப் பெயர்களைத் தொல்காப்பியம் உயர்திணையுள் வைக்க, நன்னூல் தன்மையையும் முன்னிலையையும் இருதிணைப் பொதுவாகக் கொள்கிறது. பேசும் ஆடு 'நான்' என்னும்போது தொல்காப்பிய நெறியில் அது திணை உயர்கிறது. நன்னூல் நெறியில் திணை வினாவே எழுவதில்லை. எந்நெறியிலும் உரையாடலில் ஆடு தாழ்வதில்லை. மேலும் 'தான்' என்னும் பெயரும் இருதிணைக்கும் பொது. 'தான் கண்டதை மேப்பிள் மீண்டும் நினைத்துப் பார்த்தது' என்னும் தொடரில், கண்டவரின் உள்ளத்தினுள் வாசகரை அழைத்துச் செல்வது 'தான்' என்பதே. வினையெச்சங்களும் 'வேண்டும்', 'கூடும்', 'இல்லை' முதலியனவும் திணை காட்டா. இவற்றைத் திறம்படக் கையாண்டால் ஆட்டின் நோக்குநிலை சிதையாது.

ஆங்கிலமும் ஜெர்மனும் தராத ஒரு பேறும் தமிழுக்கு உண்டு. மந்தை தமக்குள் பேசும்போது 'நாம்' என்றும், தம் பேச்சை உணராத மனிதரை நோக்கிக் கூறும்போது 'நாங்கள்' என்றும் வேறுபடுத்தலாம். மந்தையுணர்வே உயிராக உள்ள நாவலில் இவ்வேறுபாடு சிறு பயன் அன்று. இழப்பும் உண்டு: ஆண், பெண் வேறுபாடு 'அது'வில் மறையும். கடா, பெண்ணாடு, குட்டி ஆகிய சொற்களால் அதனைத் தேவையான இடங்களில் ஈடுசெய்ய வேண்டும்.

6. சொற்களும் பெயர்களும்

ஊர்ப் பாதிரியாரின் பெயரே கடவுள் என ஆடுகள் தவறாக எண்ணிக்கொள்கின்றன. தமிழ்க் கத்தோலிக்கர் குருவைச் 'சாமி' என அழைப்பர், இறைவனும் 'சாமி'யே. இச்சொல்லைப் பயன்படுத்தினால் ஆடுகளின் மயக்கம் மிக எளிதில் விளங்கும். ஆனால் அளவுக்கு மீறி எளிதாகும் என்பதே சிக்கல். மூலத்தில் பிழை ஆடுகளுடையது. தமிழில் அது மனித வழக்கினுடையதாகிவிடும். ஊரார் வாயில் 'சாமி' எனவும் ஆடுகளின் வாயில் 'கடவுள்' எனவும் பிரித்தாள்வது நடுவழி. 'இடையர்' என்பது சாதிப்பெயராகவும் நிற்பதால் ஜார்ஜுக்கு ஏலாது. 'கீதாரி' தமிழகத்து நிலத்தை நினைவூட்டும். விவிலிய மணம் கமழும் 'மேய்ப்பர்' என்பதே பொருந்தும்.

'மோப்பம்' என்னும் சொல் தமிழில் முகர்தலையும் துப்பறிதலையும் ஒருங்கே குறிப்பது மொழிபெயர்ப்பாளருக்கு வாய்த்த நற்கொடை. ஆடுகள் ஆன்மாவையே மோப்பத்தோடு இணைத்துக் காண்பதால் இச்சொல்லை வாளா விடலாகாது. அதற்கு மாறாக 'நாற்றம்' பண்டைய நடுநிலைப் பொருளை இழந்துவிட்டதால் தவிர்க்கத்தக்கது.

'க்ளென்கில்' என்னும் ஊர்ப்பெயரின் ஈற்றுறுப்பு ஐரிஷ் ஊர்ப்பெயர்களில் தேவாலயத்தைக் குறிப்பதாக வழங்குவது. ஆங்கிலம் அறிந்த காதுக்கோ கொலை எனக் கேட்கும். ஜெர்மன் வாசகர் இவ்விரட்டுறலைச் சுவைத்தனர். ஆங்கிலப் பதிப்பு இப்பெயரை விடுத்துக் கம்பளி மூட்டைகளைப் பற்றிய குழந்தைப் பாடலை நினைவூட்டும் தலைப்பைச் சூடிற்று. தமிழில் ஊர்ப்பெயரையே வைத்துச் 'செம்மறிகள் துப்பறிந்த கதை' எனத் துணைத்தலைப்பிடுதல் தக்கது. மேப்பிள், மார்ப்பிள் என்னும் ஒலியொப்பு தமிழ் வரிவடிவிலும் ஓரளவு எஞ்சும். 'மிஸ்' என்னும் அடையை நீக்கினால் அதுவும் எஞ்சாது. 'மிஸ்', 'சர்' என்னும் மதிப்படைகளோடு 'அது' புணரும்போது எழும் மெல்லிய முரண், இவ்வகைக் கதைக்கு உரிய இதமான நகையைத் தானே தரும்.

7. முடிவுரை

விலங்குகள் துப்பறியும் கதைகளைச் சிறுவர்க்கான பொழுதுபோக்கு எனத் தள்ளுவதும், நீதிக்கதை மரபில் அடக்குவதும் பொருந்தா. பேசாத பூனைக்கு உவப்பு வழுவமைதியும், பேசும் ஆட்டுக்கு அஃறிணை முடிபோடு கூடிய பொதுப்பெயர்களும் ஏற்றவை என்பது இவ்வாய்வின் முடிபு. 'அவள்' என உயர்த்துவது ஆட்டுக்குச் செய்யும் சிறப்புப்போல் தோன்றும். உண்மையில் அது ஆட்டை நீக்கிவிட்டு மனிதரை அவ்விடத்தில் நிறுத்துவதாகும். மேய்ந்துகொண்டே உண்மையை முகர்ந்தறியும் ஓர் உயிரைக் காணவே வாசகர் இக்கதைகளை நாடுகின்றனர். அவ்வுயிரை அதுவாகவே இருக்கவிடும் ஆற்றல் தமிழின் திணையமைப்புக்கு உண்டு.