தெரிந்த சொல்லே தடுக்கும் கல்

வேடந்தாங்கல் ஏரியைத் தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு வெண்சிறகு எல்லாம் ஒன்றே. அருகே சென்று அலகை நோக்கியவனே கொக்கு எது, கரண்டிவாயன் எது என்று அறிவான். சொற்களும் அத்தகையவையே.

"வடசொற்கள் இருமொழிக்கும் பொது; ஆதலால் இந்தி தமிழர்க்கு எளிது" என்கின்றனர் சிலர். 1938-இல் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டது. 1940-இல் அக்கட்டாயம் நீங்கியது. 1968-இல் இருமொழிக் கொள்கை மலர்ந்தது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை மும்மொழி பேசிய பின்னும் இவ்வாதம் நம் காதில் விழுகிறது. வெறுப்பால் அன்று, அறிவால் இதை அளப்போம்.

நகரம், நதி, தினம் ஆகியவற்றை இந்தியில் கண்டதும் அறிந்துகொள்வோம். அந்த உதவியை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஏரிக்கரைக்கு வந்த வடபுலப் பயணி ஒருவர், பறவைகளைக் காண நல்ல 'அவசர்' கிடைத்தது என்று மகிழ்வதாகக் கொள்வோம். "என்ன அவசரம், ஐயா?" என்பான் நம் இளைஞன்! அவருக்கு அது வாய்ப்பு, நமக்கோ விரைவு. அவருடைய 'சிக்ஷா' கல்வி. நம்முடைய சிட்சை தண்டனை. 'உபன்யாஸ்' அவருக்கு நாவல். உபன்யாசம் நமக்குச் சமயச் சொற்பொழிவு. அவருடைய 'சன்சார்' உலகம்; நம் வீட்டுச் சம்சாரமோ மனைவி! அறியாத சொல்லைக் கண்டால் மாணவன் அகராதியைப் புரட்டுவான். அறிந்ததாக எண்ணிய சொல்லுக்குப் புரட்டுவானா? புரட்டான். அங்கேதான் இடறுகிறான்.

பொருள் ஒத்தாலும் தொல்லை தீர்வதில்லை. காகிதம் என்னும் சொல் இருமொழியிலும் உண்டு. தமிழில் அது அஃறிணை. இந்தியில் 'காகஸ்' ஆண்பால். புத்தகமாகிய 'கிதாப்' பெண்பால்! தாளுக்கு மீசை, நூலுக்கு வளையல்! இதை எந்தப் பொதுச்சொல் கற்பிக்கும்?

எல்லிசு 1816-இலும் கால்டுவெல் 1856-இலும் தென்மொழிகளின் உறவை நாட்டியது கடன்சொற்களால் அன்று. வேர்ச்சொற்களாலும் இலக்கண அமைப்பாலுமே. அவ்வுறவு மெய்யானது, கற்போர்க்குத் துணையாவது. ஆயினும் அங்கும் விழிப்பு வேண்டும். அதே 'அவசரம்' தெலுங்கில் தேவை, மலையாளத்தில் வாய்ப்பு.

'எளிது' என்று முன்னரே தீர்ப்பளித்துவிட்டால், திணறும் சிறுவனுக்கு என்ன பெயர்? மந்தன்! குற்றம் வாதத்தில், பழியோ பிள்ளையின் தலையில்.

எந்த மொழியையும் விரும்பியவர் கற்கட்டும். கற்பிப்போர் ஒத்த சொற்களோடு, ஒத்ததுபோல் ஏய்க்கும் சொற்களையும் முதல் நாளே எடுத்துரைக்கட்டும். திணிக்க வருவோர் மட்டும் உறவு பேசி வரவேண்டா. சிறகைக் கண்டு மயங்கிய காலம் போகட்டும். அலகைப் பார்ப்போம், தோழர்களே!